தோள்சீலையில் ஒரு கணக்கு

நாகர்கோவிலில் நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையின் சரிகை அகலம் போதுமா, போதாதா என்று ஒரு மணி நேரமாகப் பட்டிமன்றம். மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார். "எங்க ஆச்சிக்க ஆச்சி தோள்சீலை போட்டதுக்கு அடி வாங்கினவ. நீங்க சரிகைக்குச் சண்டை போடுதியளா மக்களே!"

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக தோள்சீலைக் கலகத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேல்துணி போடக் கூடாது. அது மேல்ஜாதிப் பெண்களுக்கு மட்டும். மீறிப் போட்டால் நடுச்சந்தையில் உருவிக் கிழிப்பார்கள். கேட்டால் ஆசாரம், சார், ஆசாரம்!

நான் பி.காம். யாராவது ஆசாரம் என்றால் உடனே பேரேட்டைத் தேடுகிற புத்தி. தேடினேன், கிடைத்தது. 1829-ல் அரண்மனை போட்ட பிரகடனம் மேல்துணி கூடாது என்றது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், அவ்வளவுதான் சலுகை. அதே பிரகடனத்தில் இன்னொரு உத்தரவும் இருக்கிறது: நாடார்கள் ஊழியம் செய்தாக வேண்டும். ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. துணிக்கும் கூலிக்கும் ஒரே காகிதம்!

யோசித்தால் புரிகிறது. எல்லோர் தோளிலும் துணி இருந்தால், யாரைக் கைதட்டிக் கூப்பிட்டு ஓசியில் மூட்டை தூக்கச் சொல்வது? 1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது. நாடார்கள் அடிமைகள் இல்லைதான். ஆனால் ஓசி ஆள் கைவிட்டுப் போகிற பயம் நிலக்காரர்களுக்கு வந்துவிட்டது. 1858 கடைசியில் கலகம் முற்றியது. துணி கிழித்ததோடு நிற்காமல் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். பள்ளிக்கூடம் எந்தத் தோளைக் காட்டியதோ!

சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்க, 1859 ஜூலையில் மகாராஜா இறங்கி வந்தார். மேல்துணி போடலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் மாதிரி போடக் கூடாதாம். கடைசி முழத்தில்கூட பேரம் பேசிய ராஜாங்கம்!

இந்தக் கதை மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருந்தது. எழுதிய விதம் பற்றி ஆட்சேபணை கிளம்பி, கோர்ட் வரை போய், 2016-ல் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியை ஒதுக்கியது. 2019-ல் உடைகளைப் பற்றிய பாடமே போய்விட்டது. ஆட்சேபித்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் தப்பாக எழுதியிருந்தால் திருத்தலாமே, எதற்குக் கிழிக்க வேண்டும்?

போனில் பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொஸ்தவத்த ஒண்ணு கொண்டாடே, என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்" என்றார். பழைய புத்தகக் கடைகளில் தேடிக் கொண்டிருக்கிறேன்.