மின்வழிப் பயிற்சி மென்பொருள்: தேர்வு செய்வோர் யார்?

முன்னுரை

தொழிலகம் தன் பணியாளர்க்குப் பயிற்சி அளிப்பது புதிதன்று. மூத்த தொழிலாளியின் அருகில் நின்று இளையவர் கற்ற காலம் ஒன்று. வகுப்பறையில் அமர்த்திக் கற்பித்த காலம் மற்றொன்று. இன்று கணினியும் கைப்பேசியும் அப்பணியில் ஒரு பங்கை ஏற்றுள்ளன. பாடத்தை வழங்குதல், தேர்வு நடத்துதல், யார் எதனை முடித்தார் எனப் பதிவு செய்தல் ஆகிய மூன்றையும் ஆற்றும் மென்பொருளைக் கற்றல் மேலாண்மை மென்பொருள் என்பர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்ட 'மூடில்' இவ்வகையில் பலரும் அறிந்தது. உரிமக் கட்டணமின்றி எவரும் எடுத்தாளத்தக்கது. விலைக்குக் கிடைப்பனவும் பல உள. இவற்றுள் எது சிறந்தது என வினவுவோர் பலர். ஆயின் அத்தேர்வில் யார் யார் இடம்பெற வேண்டும் என்னும் வினா அதற்கும் முற்பட்டதாகும்.

ஒரு படிப்பினை

இங்கிலாந்து அரசு 2000ஆம் ஆண்டில் மின்வழிப் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்கெனத் தனி மென்பொருள் பெருஞ்செலவில் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவாயிற்று. 5,600 மாணவர் சேர்வர் என எதிர்பார்க்கப்பட்டது. சேர்ந்தவரோ ஏறத்தாழ 900 பேர். 2004இல் திட்டம் கைவிடப்பட்டது. 2005இல் இதனை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, கற்போரின் தேவையை ஆராயாது வழங்குவோர் நோக்கிலேயே திட்டம் வகுக்கப்பட்டதைப் பெருங்குறையாகச் சுட்டியது. பொருளும் தொழில்நுட்பமும் இருந்தும், கற்க வேண்டியவரின் குரல் தொடக்கத்தில் இடம்பெறாமையால் நேர்ந்த இழப்பு இது.

பயன்படுத்துவோர் நிலை

ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அக்கழிவுநீர் அமிலத்தோடு கலப்பின் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். சிற்றளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். செறிவு மிகுங்கால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். 'நாற்றம் இல்லை, இனி அச்சமில்லை' எனத் தொட்டியில் இறங்குபவர் உயிரிழக்க நேரிடும்.

இப்பாதுகாப்புப் பாடத்தை வழங்கும் மென்பொருளை மேலாளரும் விற்பனையாளரும் மட்டும் அமர்ந்து தேர்ந்தெடுத்தால் யாது விளையும்? திரை அழகாயிருக்கும், பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், அலுவலகக் கணினியில் தடையின்றி ஓடும். தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்கோ கணினி இல்லை. அவர் தமிழோ, உருதுவோ, இந்தியோ மட்டும் அறிந்தவராயிருக்கலாம். எழுத்தறிவே இல்லாதவராகவும் இருக்கலாம். உடன் பணிபுரியும் ஒருவர் அவருக்காகப் பொத்தானை அழுத்துவார். ஏட்டில் 'பயிற்சி முடித்தார்' எனப் பதிவாகும். உண்மையில் அவர் கற்றது ஒன்றுமில்லை. இப்பொய்ப் பதிவு பயிற்சியே இல்லாமையினும் கொடிது. பயிற்சி இல்லையெனில் மேற்பார்வையாளர் விழிப்புடன் இருப்பார், பதிவு இருப்பின் அவ்விழிப்பும் தளர்ந்துவிடும். ஆதலின் தேர்வுக் குழுவில் முதலிடம் பெறத்தக்கவர் தொழிலாளியும் அவருடைய மேற்பார்வையாளருமே ஆவர்.

பிறர் காணும் குறைகள்

ஒருவர் கண்ணுக்குப் புலப்படாதது மற்றொருவர்க்குப் புலப்படும். கணினிப் பிரிவினர், பாடங்களை நாளை வேறு மென்பொருளுக்கு மாற்ற இயலுமா என வினவுவர். இதற்கெனவே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியால் 2000இல் 'ஸ்கார்ம்' என்னும் பொது விதிமுறை தோன்றியது. 'ஃபிளாஷ்' தொழில்நுட்பத்துக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 இறுதியில் நிறுத்தியபோது, அதனை மட்டுமே நம்பி உருவாக்கிய பாடங்கள் திறக்க இயலாதனவாயின. முன்னரே கணினி அறிந்தாரைக் கலந்தவர் இவ்விழப்பைத் தவிர்த்தனர்.

கணக்குப் பிரிவினர், ஆண்டுதோறும் ஆள் எண்ணிக்கைக்கேற்ப வளரும் கட்டணத்தை நோக்குவர். உரிமக் கட்டணமற்ற மென்பொருளுக்கும் வழங்கிக் கணினி, பராமரிப்பு, பயிற்றுநர் எனச் செலவுண்டு என்பதை அவர்கள் அறிவர். சட்டம் அறிந்தார், 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டுவர். பார்வைக் குறைபாடுடைய பணியாளர் ஒருவர் அரைமணி நேரம் பயன்படுத்திப் பார்த்தாலே, திரைபடிப்பான் அம்மென்பொருளோடு இயைந்து இயங்குமா என்பது தெரிந்துவிடும்.

குழு அமைக்கும் முறை

அனைவரையும் கேட்க வேண்டும் என்பதனால் அனைவரும் முடிவெடுக்க வேண்டும் என்பதில்லை. நாற்பது பேர் கூடிய அவையில் முடிவு பிறப்பது அரிது. முடிவெடுப்போர் ஐவர் அல்லது அறுவராகவும், கருத்துரைப்போர் துறைக்கு ஒருவராகவும், செய்தி அறிவிக்கப்பெறுவோர் ஏனையோராகவும் வகுத்தல் நலம். பொறுப்பேற்கும் தலைமை அதிகாரி ஒருவர் முதல் நாள் தொட்டு உடனிருத்தல் வேண்டும். இறுதியில் கையொப்பத்திற்கு மட்டும் அவரை அணுகின், முழுப்பணியும் மறுபடி தொடங்க நேரும்.

விற்பனையாளரை அழைக்குமுன் தேவைகளை எழுதி, இன்றியமையாதன, இருப்பின் நன்று என இரண்டாகப் பிரித்தல் வேண்டும். பின்னர் இரண்டு அல்லது மூன்று மென்பொருள்களைத் தெரிந்து, உண்மையான பாடம் ஒன்றை உண்மையான தொழிலாளர் சிலருக்குச் சில வாரம் வழங்கிப் பார்க்க வேண்டும். 'பிடித்திருந்ததா?' என வினவுதல் போதாது; கற்றதைச் செய்து காட்டச் சொல்லுதல் வேண்டும்.

முடிவுரை

வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' எனத் தனி அதிகாரமே வகுத்தார். மென்பொருள் புதிது, அதனைத் தேரும் நெறி பழையதே. நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களும், இன்று அவற்றை நடத்திவரும் பெரியோர்களும் இத்தகைய தேர்வுக்கு அமரும்போது, அவையில் ஓர் இருக்கையைத் தொட்டியருகே நிற்கும் அத்தொழிலாளிக்கு ஒதுக்குவார்களாக. அவர் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.