சனிக்கிழமை, பகல் ஒரு மணி

அமெரிக்காவில் எழுபது எண்பது வயதைக் கடந்த கல்லூரிப் பட்டதாரி ஒருவரிடம், இளமைக் காலத்து ஞாபகங்களுள் இன்றளவும் மங்காதது எது என்று விசாரித்தால், அவர் தாம் கற்ற சாஸ்திரங்களையோ, தமக்குக் கற்பித்த ஆசிரியர்களையோ முதலில் சொல்லுவாரென்று எதிர்பார்க்க வேண்டாம். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கானவர்களோடு கால்நடையாகச் சென்று பார்த்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றியே பேச்சை ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் லேசில் முடிக்கவும் மாட்டார். அன்றைய வானிலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார், வாத்திய கோஷ்டி என்ன வாசித்தது, கடைசி நிமிஷத்தில் பந்து எந்த மூலையில் விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு வரிசைக்கிரமமாக நினைவிருக்கும். மொத்தக் கணக்கில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதில் மட்டும் சில சமயம் தடுமாற்றம் ஏற்படும்.

அங்கே ஃபுட்பால் என்று சொல்லப்படுவது நம் ஊர்ப் பையன்கள் உதைத்து விளையாடும் உருண்டைப் பந்தாட்டம் அன்று. பதினொருவர் கொண்ட இரு கட்சிகள், நூறு கஜ நீளமுள்ள மைதானத்தில், முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியும், முன்னே எறிந்தும், எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயல்வது இந்த ஆட்டம். பந்து வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கஜமாவது முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போகும். ஆகையால், இனித் தேறாது என்று தோன்றும்போது, பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்துத் தள்ளிவிடுவது வழக்கம். எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று. இந்த அளவு தெரிந்துகொண்டால் இக்கட்டுரைக்குப் போதும். மற்ற விதிகளைப் பற்றி அமெரிக்கர்களே தங்களுக்குள் ஓயாமல் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் 1869ஆம் வருஷம் நவம்பர் 6ந் தேதி, ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. பிற்பாடு யேல், ஹார்வர்ட் முதலிய கிழக்குக் கரைக் கலாசாலைகளில் வளர்ந்து, 1905ஆம் வருஷ வாக்கில், ஆட்டத்தில் நேர்ந்த மரணங்களைக் கண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும்படியான முரட்டுத்தனத்தை எட்டி, விதிகள் திருத்தப்பட்டுப் பிழைத்தெழுந்து, 1920களுக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அப்போது ஒரு விநோதம் நிகழ்ந்தது. பெரிய நகரங்களில் அல்ல, சர்வகலாசாலையைத் தவிர வேறு பிரசித்தி இல்லாத சிற்றூர்களில், பிரம்மாண்டமான விளையாட்டரங்குகள் எழும்பின. மிச்சிகன் மாகாணத்திலுள்ள ஆன் ஆர்பர் இதற்கு நல்ல உதாரணம். அங்கே மிச்சிகன் சர்வகலாசாலைக்காக 1927இல் திறக்கப்பட்ட அரங்கம் 1949இல் விஸ்தரிக்கப்பட்டு 97,239 பேர் உட்காரும்படி ஆயிற்று. 1950ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்த ஊரின் மக்கள்தொகையோ ஐம்பதாயிரத்தை எட்டவில்லை. அதாவது, பச்சைக் குழந்தை முதல் படுத்த படுக்கையாயிருந்த கிழவர் வரை ஊரார் அத்தனை பேரும் வந்து அமர்ந்தாலும் அரங்கத்தில் பாதி காலியாகவே கிடக்கும். 1956இல் மறுபடியும் பெருக்கியபோது 101,001 என்று கணக்குச் சொன்னார்கள். அந்த உபரியான ஒரு ஆசனம் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற பழைய பயிற்சியாளரின் கௌரவார்த்தம் ஒதுக்கப்பட்டதென்றும், அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாதென்றும் சொல்லுகிறார்கள்.

அந்த ஊரில் ஆட்ட நாளின் காலை எப்படி விடிந்தது என்பதைப் பழைய மாணவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். மேப்பிள் மரத்து இலைகள் சிவந்து உதிர்ந்து, வீட்டுக்காரர்கள் அவற்றைத் தெருவோரத்தில் குவித்துக் கொளுத்தியிருப்பார்கள். அந்தப் புகையின் வாசனை மூக்கில் ஏறியதுமே ஃபுட்பால் காலம் வந்துவிட்டதென்று அர்த்தம். பத்து மணிக்கெல்லாம் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். அரங்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் முன்புறப் புல்தரையில், சிறு பையன்கள் அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு, காசு வாங்கிக் கார்களை நிறுத்த இடம் கொடுப்பார்கள். நம் நாட்டில் பிழைப்பைத் தேடிப் பட்டணம் போனவர்கள் ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேருவதுபோல், பட்டம் பெற்றுப் பத்தாண்டு இருபதாண்டு ஆனவர்களும் அன்று வந்து, காரின் பின்கதவைத் தாழ்த்தி, அதன்மேல் துணி விரித்து, ரொட்டியும் வறுத்த கோழியும் பரப்பி, ஃபிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் காப்பியை ஊற்றி, முன்பின் அறியாதவர்களையும் உபசரிப்பார்கள். பிறகு ஹூவர் தெருவில் முரசொலி கேட்கும். வில்லியம் ரெவெல்லி என்னும் கண்டிப்பான இசையாசிரியர் 1935 முதல் 1971 வரை நடத்திவந்த சர்வகலாசாலை வாத்திய கோஷ்டி, அணிவகுத்து அரங்கத்தை நோக்கி நடக்க, ஜனங்கள் அதன் பின்னாலேயே நடந்து உள்ளே போவார்கள்.

உள்ளே ஆசனம் என்ற பெயரில் இருந்தது நீண்ட பலகை. அதன்மேல் சாயத்தால் எண்கள் எழுதியிருக்கும். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையேயுள்ள அகலம் செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு வருகிறவருக்கே நெருக்கடி. நவம்பரில் கனத்த மேலங்கியும் கையுறையும் அணிந்து வருகிறவருக்கு அது போதவே போதாது. ஆகையால் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு, ஒரே கம்பளிக்குள் மூன்று பேராக அமர்ந்திருந்தார்கள். அந்தக் கம்பளிக்குள் எத்தனையோ கல்யாணங்கள் நிச்சயமானதாகக் கிழவர்கள் கண்சிமிட்டிச் சொல்லுவதுண்டு.

இத்தனை சிரமப்பட்டு ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு விடை எளிது. போகாமல் பார்க்க முடியாது. டெலிவிஷன் வந்தால் அரங்கத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடுமென்று பயந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 1950களின் தொடக்கத்திலிருந்தே ஒளிபரப்பைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு நாடு முழுதுக்கும் ஓரிரண்டு ஆட்டங்களுக்கு மேல் காட்டவிடவில்லை. ஒரு கலாசாலையின் ஆட்டம் எத்தனை தடவை திரையில் வரலாம் என்பதற்குக்கூட வரம்பு இருந்தது. வர இயலாதவர்களுக்கு ரேடியோதான் கதி. ஆன் ஆர்பரில் 1945 முதல் 1981 வரை ஆட்டங்களை வர்ணித்த பாப் யூஃபர் என்பவர், பாரபட்சமற்றவராகப் பாசாங்குகூடச் செய்யாமல் மிச்சிகன் பக்கம் நின்று கூவுவார். இரண்டாம் உலக யுத்தத்தில் பேர்பெற்ற அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டனின் ஜீப்பிலிருந்து வந்தது என்று பெருமையுடன் சொல்லி ஓர் ஒலிப்பானை வைத்துக்கொண்டு, தம் கட்சி புள்ளி எடுக்கும்போதெல்லாம் அதை முழக்குவார். நேரில் வந்தவர்களிலும் பலர் சின்ன டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்து, கண்ணெதிரே நடப்பதையே அவர் வாயால் ஒருமுறை கேட்டு ஆனந்தித்தார்கள்.

வராதவன் பார்க்க முடியாது என்ற அந்த நிலைமைதான் வந்தவனுடைய ஞாபகத்துக்கு மதிப்பைக் கொடுத்தது என்பது என் எண்ணம். 1950ஆம் வருஷம் நவம்பர் 25ந் தேதி, ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் மிச்சிகனுக்கும் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. மைதானத்தின்மேல் விரித்திருந்த தார்ப்பாய்கள் தரையோடு உறைந்துபோய், அவற்றைப் பெயர்த்தெடுக்கவே பெரும்பாடு பட்டு, குறித்த நேரம் கடந்துதான் ஆட்டம் ஆரம்பமாயிற்று. கோடுகள் தெரியவில்லை, பந்து பிடியில் நிற்கவில்லை. தன் கையில் பந்து இருப்பதைவிட எதிரியின் கையில் இருப்பதே க்ஷேமம், அவன் எப்படியும் நழுவவிடுவான் என்று கருதி, இரு கட்சியாரும் முதல் வாய்ப்பிலேயே பந்தை உதைத்துத் தள்ளத் தலைப்பட்டார்கள். மிச்சிகன் 24 முறை, ஒஹையோ 21 முறை, ஆக 45 முறை அப்படி உதைத்தார்கள். மிச்சிகன் அன்று முழுவதும் ஒரு தடவைகூடப் பத்து கஜம் முன்னேறவில்லை. எறிந்த பந்தொன்றையும் அதன் வீரர்கள் பிடிக்கவில்லை. இருந்தும், எதிரி உதைத்த பந்தை இருமுறை மறித்துப் புள்ளி சேர்த்து, 9க்கு 3 என்று ஜெயித்து, அந்த ஜெயத்தினால், பருவ முடிவில் சிறந்த கட்சிகளுக்கென நடக்கும் கலிபோர்னியாவின் ரோஜாக் கிண்ண ஆட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒஹையோவின் விக் ஜானோவிச் அந்தப் பனித்திரைக்குள் கம்பங்களைக் குறிவைத்து உதைத்து எடுத்த மூன்று புள்ளியைக் கண்ணால் கண்டவர்கள், அதற்கு ஈடான உதையைப் பிறகு பார்த்ததில்லை என்று சாதிப்பார்கள். இந்தக் கூத்தைப் பார்க்க 50,503 பேர் வந்திருந்தார்கள். விளையாட்டு என்ற வகையில் அது படுமட்டம். ஆயினும் அந்த அரங்கத்தில் நடந்த எத்தனையோ சீரான ஆட்டங்கள் மறந்துபோக, இது மட்டும் எழுபத்தைந்து வருஷமாகப் பேசப்படுகிறது.

அக்காலத்தில் ஆட்டம் சமமாக முடிவதும் உண்டு. இதை இன்றைய வாலிபர்கள் நம்பவே தயங்குகிறார்கள். 1968ஆம் வருஷம் ஹார்வர்டும் யேலும், இருவருமே அந்தப் பருவத்தில் தோல்வி காணாதவர்களாய்ச் சந்தித்தபோது, யேல் 29க்கு 13 என்று முன்னணியில் இருக்க, கடைசி 42 விநாடிகளில் ஹார்வர்ட் 16 புள்ளி எடுத்து 29க்கு 29 என்று முடித்தது. அதன்பின் வந்த ஹார்வர்ட் மாணவர் பத்திரிகை, யேலை 29க்கு 29 என்ற கணக்கில் ஹார்வர்ட் தோற்கடித்ததாகத் தலைப்பிட்டது. பிற்காலத்தில் சினிமா நட்சத்திரமான டாமி லீ ஜோன்ஸ் அன்று ஹார்வர்ட் கட்சியில் ஆடினார் என்பது ஓர் உபரித் தகவல். ஆனால் சமநிலை எப்போதும் இப்படிச் சிரிப்பில் முடிந்துவிடவில்லை. 1973இல் மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் 10க்கு 10 என்று நின்றபோது, ரோஜாக் கிண்ணத்துக்கு எந்தக் கட்சியை அனுப்புவது என்பதை நிர்வாகிகள் ஓட்டெடுத்துத் தீர்மானித்து ஒஹையோவை அனுப்பினார்கள். மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் அந்த மனத்தாங்கலைச் சாகும்வரை விடவில்லை. 1996 முதல் கூடுதல் நேரம் ஆடி வெற்றி தோல்வியைத் தீர்க்கிறார்கள். அது நியாயந்தான், ஆனால் முப்பது வருஷம் வாதாடுவதற்கான விஷயம் ஒன்று குறைந்துபோயிற்று.

பழைய காலம் முழுவதும் பொற்காலம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1934இல் ஜார்ஜியா டெக் கல்லூரி ஆன் ஆர்பருக்கு ஆட வந்தபோது, மிச்சிகன் கட்சியிலிருந்த வில்லிஸ் வார்ட் என்ற கறுப்பு இனத்து வீரரோடு ஆட அவர்கள் சம்மதிக்கவில்லை. சர்வகலாசாலையும் அவரைத் தன் சொந்த மைதானத்திலேயே ஒதுக்கிவைத்தது. அவருடைய தோழரும் அதே கட்சியின் வீரருமான ஜெரால்ட் ஃபோர்ட், பிற்காலத்து ஜனாதிபதி, இந்த அநியாயத்தைக் கண்டு ஆட்டத்தையே துறக்கத் துணிந்தார். தென் மாகாணக் கல்லூரிகள் பலவற்றில் 1960களின் இறுதி வரையில் வெள்ளையர் மட்டுமே ஆடினார்கள். ஆன் ஆர்பரின் அணிவகுப்பு வாத்திய கோஷ்டியிலும் 1972 வரையில் பெண்களுக்கு இடமில்லை. இவற்றைச் சொல்லாமல் இலைப்புகையின் வாசனையை மட்டும் சொல்லுவது யோக்கியமாகாது.

1984இல் உச்ச நீதிமன்றம், டெலிவிஷன் ஒளிபரப்பைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் கைக்குள் அடக்கிவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் எல்லா ஆட்டங்களும் எல்லா வீட்டுக்கும் வந்தன, பணமும் வந்தது. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை இப்போது ஒளிபரப்பு ஸ்தாபனங்களே நிர்ணயிக்கின்றன. பகல் ஒரு மணி வெயிலுக்கே பழகிய ஆன் ஆர்பர் அரங்கத்தில் மின்விளக்குக் கம்பங்கள் நட்டு, 2011இல் முதன்முதலாக இரவு ஆட்டம் நடத்தினார்கள். பெரும்பாலும் அண்டை மாகாணங்களோடு மோதிவந்த கட்சிகள் இன்று கலிபோர்னியா வரை விமானத்தில் பறந்து ஆடுகின்றன. வீரர்களுக்கும் பணம் கிடைக்கிறது. அவர்கள் உடம்பை முறித்துக்கொண்டு ஆட மற்றவர்கள் மட்டும் சம்பாதித்த காலத்தைவிட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. அரங்கங்களும் காலியாகிவிடவில்லை, ஆன் ஆர்பரில் இன்றும் லக்ஷம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். ஆனால் நடுவே விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்தி, வீரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நிற்கும் வேளைகளில், பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுவதைக் குற்றம் சொல்ல முடியாது.

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா செல்லும் நம்மவர்கள், செப்டம்பருக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையே அங்கே இருக்க நேர்ந்தால், பெரிய அரங்கத்துக்கு எக்கச்சக்கமாகச் செலவழித்துப் போக வேண்டாம். மூன்றாம் பிரிவு என்று வகுக்கப்பட்ட, விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுக்காத சிறு கல்லூரிகள் இருநூற்றுக்கு மேல் இந்த ஆட்டத்தை ஆடிவருகின்றன. பெரும்பாலும் சனிக்கிழமைப் பகலில்தான் ஆடுகின்றன. பக்கத்தில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறதா என்று பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். சீட்டு மலிவு, கூட்டமும் அளவாக இருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் போவதானால் கம்பளியை மறக்க வேண்டாம்.