சங்கிலிவாளின் பற்சில்லும் கண்ணி இடைத்தூரமும்

மரம் அரியும் சங்கிலிவாளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வலுவையும் தகட்டின் நீளத்தையுமே கூறுவர். ஆயினும் எஞ்சினின் வலுவை மரத்திற்குக் கொண்டுசேர்ப்பது கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு பற்சில்லே. அதன் தேர்வு ஓர் அளவையிலிருந்தே தொடங்குகின்றது. அதனைப் 'பிற்ச்', அதாவது கண்ணி இடைத்தூரம் என்பர்.

அடுத்தடுத்துள்ள மூன்று தறையாணிகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம்வரை அளந்து, அதனை இரண்டால் வகுக்கப் பெறுவதே இவ்வளவை. இரு ஆணிகளை மட்டும் அளந்தால் என்ன என்று வினவலாம். ஆணிகளின் இடைவெளி சங்கிலி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே சராசரியே நம்பத்தக்கது. 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம் என்பன பரவலாக வழங்கும் அளவுகள். சிறிய வாள்களில் 3/8 அங்குலத் தாழ்வகைச் சங்கிலி பொருத்தப்படுகின்றது. பெயரளவில் ஒன்றாயினும் இது முழுவகை 3/8 சங்கிலிக்கு மாற்றாகாது. பெயரை நம்பி வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே.

சங்கிலி, எஞ்சினிலுள்ள பற்சில்லு, தகட்டு நுனியிலுள்ள சில்லு ஆகிய மூன்றும் ஒரே இடைத்தூரம் உடையனவாதல் வேண்டும். சங்கிலியின் செலுத்து கண்ணியின் தடிப்போ வேறோர் அளவை. அது தகட்டின் தவாளிப்போடு பொருந்தவேண்டியது.

இனிப் பற்களின் எண்ணிக்கை. ஒரு பல் நகரும்போது சங்கிலி இரண்டு இடைத்தூரம் முன்செல்லும். 3/8 அங்குலச் சங்கிலியும் ஏழு பற்களும் எனின் ஒரு சுழற்சிக்கு 5.25 அங்குலம்; நிமிடத்திற்கு 10,000 சுழற்சியில் சங்கிலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 22 மீற்றர். எட்டுப் பற்களாயின் அது 25 மீற்றரைத் தாண்டும். ஆனால் வலு கூடுவதில்லை. கதி கூடிய அளவுக்கு இழுவிசை குறைகின்றது. மென்மரத்தில், குறுகிய தகட்டில் இது இலாபம். வன்மரத்தில் நீண்ட தகட்டை அழுத்தும்போது எஞ்சின் திணறும், கிளச் சூடேறித் தேயும். கதியையே திறமையென விற்பனை செய்யும் விளம்பரங்கள் இப்பாதியைச் சொல்வதில்லை.

தேய்ந்த பற்சில்லில் புதுச் சங்கிலியை மாட்டுவதும் வீண் சிக்கனமே. தேய்ந்த பல்லின் மீது கண்ணி ஒழுங்காக அமராது; புதுச் சங்கிலியும் விரைவில் பழுதாகும். இரண்டு சங்கிலிகளுக்கு ஒரு பற்சில்லு என்பது தொழிலில் வழங்கும் கணக்கு.

இத்தவறுகளின் விலையைச் செலுத்துபவன் வாளைப் பிடித்திருக்கும் தொழிலாளியே. அறுந்த சங்கிலி பின்னோக்கி வீசும்போது அதன் பாதையில் இருப்பது அவனது வலக்கை. சங்கிலி பிடிக்கும் முளையும் பின்கைப்பிடியின் அகன்ற காப்பும் அமைக்கப்பட்டதன் காரணம் இதுவே. எனினும் செலுத்து கண்ணியில் பொறிக்கப்படும் இலக்கங்கள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும் குறியீடுகளாகவே உள்ளன. அவற்றை வாசிக்க இயலாதவன் விற்பனையாளரின் வாய்ச்சொல்லையே நம்பவேண்டியவனாகின்றான். ஓர் அளவுகோலும் மூன்று ஆணிகளை எண்ணும் பழக்கமும் இருப்பின் அவன் அந்த இலக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.