விழுந்துகொண்டே இருக்கிறது நிலா

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் குளியாளுக்குத் துணை ஒரு கல். கயிற்றில் கட்டிய கனமான கல். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டால் மனித உடம்பு மிதக்கத்தான் பார்க்கும், லேசில் முங்காது. அதனால் குளியாள் அந்தக் கல்லின்மேல் காலை ஊன்றிக்கொள்வார். தோணியில் இருப்பவர் கயிற்றை விட்டதும், கல் அவரையும் கூட்டிக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் இருக்கும் பாருக்குப் போய்ச் சேரும். பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. பார் என்பது முத்துச்சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டு. ஒரே மூச்சில் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துவிடுவார்கள். 1961-ல் நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு.

கல்லைக் கீழே இழுத்தது பூமியின் ஈர்ப்பு. நிலாவைப் பிடித்து வைத்திருப்பதும் அதே ஈர்ப்புதான். அப்படியானால் நிலா மட்டும் ஏன் நம் தலையில் வந்து விழவில்லை?

விடையின் பாதி தூத்துக்குடித் துறைமுகத்திலேயே இருக்கிறது. வெளியே போகும் கப்பலைக் கரையில் நின்று கவனியுங்கள். முதலில் கப்பலின் அடிப்பகுதி மறையும். கொஞ்ச நேரம் கழித்து மேல்தளம் மறையும். கடைசியில் உச்சியும் கடலுக்குள் இறங்கியது போலக் காணாமல் போகும். பூமி உருண்டை, கடலும் அதோடு சேர்ந்து வளைகிறது. எவ்வளவு வளைகிறது தெரியுமா? நேர்கோடாக 8 கிலோமீட்டர் போனால், கடல்மட்டம் அந்தக் கோட்டுக்கு 5 மீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

இனி மறுபாதி. கையிலிருந்து நழுவும் கல் முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழும். பக்கவாட்டில் எறிந்தாலும் அதே 5 மீட்டர்தான் விழும், தள்ளிப் போய் விழும், அவ்வளவே.

இப்போது குளியாளின் கல்லை எடுத்து, விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கடலை நோக்கி எறிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று தடுக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் கல் 5 மீட்டர் விழுகிறது. அதற்குள் அது கடந்த 8 கிலோமீட்டரில் கடலும் 5 மீட்டர் கீழே வளைந்துவிட்டது. அடுத்த விநாடியும் அப்படியே. கல் விழுந்துகொண்டே இருக்கும், கடலைத் தொடவே தொடாது. உலகத்தைச் சுற்றி உங்கள் முதுகுப் பக்கமாகத் திரும்பி வரும்! ஐசக் நியூட்டன், மலையுச்சியிலிருந்து சுடும் குண்டை வைத்து இதைத்தான் விளக்கினார். அறிவியலில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

செயற்கைக்கோள் என்பது அப்படி எறிந்த கல்தான். காற்று தடுக்காத உயரத்துக்கு ராக்கெட் அதைத் தூக்கிப் போய்ப் பக்கவாட்டில் வேகம் கொடுக்கிறது. 500 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் போதும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு 4 விநாடி! விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த உயரத்திலும் தரையில் இருப்பதில் 86 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் செயற்கைக்கோள் நேராக எங்கோ போய்விடும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். முதல் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி ஏவினால் இலங்கை குறுக்கே வரும். ராக்கெட் வளைந்து ஒதுங்கிப் போகும்போது எரிபொருள் வீணாகும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற 34 மீட்டர் உயரச் சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து பார்த்தால் தெற்கே திறந்த கடல்.

அந்த எஸ்.எஸ்.எல்.வி. 2022 ஆகஸ்ட் 7 அன்று முதல்முறை கிளம்பியபோது, 750 பள்ளி மாணவிகள் பங்கெடுத்து உருவாக்கிய ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோளும் அதில் இருந்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, நீள்வட்டத்தில் போய்விட்டது. ஒரு முனை 356 கிலோமீட்டர், மறுமுனை 76 கிலோமீட்டர். 76-ல் காற்று இருக்கிறது. காற்று வேகத்தைப் பறித்தது, செயற்கைக்கோள் விழுந்தது. பிள்ளைகள் எவ்வளவு வருந்தியிருப்பார்கள்! ஆனால் 2023 பிப்ரவரி 10 அன்று அவர்களின் ஆசாதிசாட்-2 சரியான வேகத்தோடு 450 கிலோமீட்டர் உயரப் பாதையில் போய்ச் சேர்ந்தது.

நிலாவும் இதே கதைதான். பூமியின் நடுவிலிருந்து நமக்கு இருக்கும் தூரத்தைப்போல் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு 60-ஐ 60-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 3,600 மடங்கு குறைவு. அதனால் விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட விழுவதில்லை. பக்கவாட்டில் ஓடுவது மட்டும் விநாடிக்கு 1 கிலோமீட்டர்.

பூமி நிலாவை இழுத்தால் நிலாவும் பூமியை இழுக்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்து இழுப்பதால், கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அந்த நாட்களில் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பௌர்ணமிக்குப் பெரியவர்களோடு கடற்கரைக்குப் போங்கள். தண்ணீர் மிகவும் வற்றியிருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதற்குள் நிலா தன் பாதையில் அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்.