முதல் நாளே எழுதப்படும் வழக்கு

நீதிமன்ற வாசல் – 11

கைது செய்யப்பட்டவருக்குச் சட்டம் தந்திருக்கும் பொதுவான உரிமைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த உரிமைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்க வேண்டிய ஒரு வழக்கை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ வைத்திருந்ததாகப் போடப்படும் வழக்கு அது.

“உங்க பையன் கையில பொட்டலம் இருந்துச்சாம், பிடிச்சு வச்சிருக்காங்க” என்று தகவல் வந்ததும் பல குடும்பங்கள் தேடி ஓடுவது வழக்கறிஞரிடம் அல்ல. தெரிந்த ஏட்டு, கட்சிக்காரர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஓடுகிறார்கள். ‘ஸ்டேஷனிலேயே பேசி முடிச்சிடலாம்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து சேருவார். நகை அடகுக்குப் போகும். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். போன பணத்தைப் பின்னால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால், அந்த முதல் 24 மணி நேரம் திரும்பி வராது. எங்கே பிடித்தார்கள், எப்போது பிடித்தார்கள், எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறுவது அப்போதுதான்.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது நீதிமன்றங்களில் எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ். சட்டம், மற்ற குற்றவியல் சட்டங்களைப் போன்றது அல்ல. சாதாரண வழக்கில் குற்றத்தை நிரூபிக்கும் சுமை முழுவதும் அரசுத் தரப்பைச் சேர்ந்தது. இங்கே, பொருள் ஒருவரின் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது தெரிந்தே வைத்திருந்தது என்று 35, 54-ம் பிரிவுகளின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். ‘எனக்குத் தெரியாமல் பையில் இருந்தது’ என்பதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். இவ்வளவு கடுமையான சட்டம் என்பதால்தான், சோதனை போடுவதற்கும் பொருளைக் கைப்பற்றுவதற்கும் அதே சட்டம் கறாரான நடைமுறைகளை வகுத்திருக்கிறது. தண்டனை எவ்வளவு கடுமையோ, அவ்வளவு கவனமாக இந்தப் பாதுகாப்புகளைப் பின்பற்ற வேண்டும் என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

முதலில் எடையைப் பாருங்கள். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு என்றால் ‘சிறு அளவு’. 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராம், 250 கிராம். மெத்தபெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். கஞ்சா சிறு அளவு என்றால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டதென்றால் 10 ஆண்டு வரை சிறை. வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு; அதிகபட்சம் 20 ஆண்டு.

வணிக அளவு வழக்கில் 37-ம் பிரிவும் குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பில்லை என்றும் நீதிமன்றத்துக்குத் தோன்றினால்தான் ஜாமீன். ஆனாலும், விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் அதைக் காரணமாகக் காட்டி ஜாமீன் கேட்கலாம் என்பதற்கு 2023-ல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டிருக்கிறது.

எனவே, எதை எடை போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பது உயிர்நாடியான கேள்வி. சட்டத்தின் கணக்கில் கஞ்சா என்பது செடியின் பூ, காய் உள்ள நுனிப் பகுதி. அந்த நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. ஹெராயின் போன்ற பொருளில் வேறு மாவு கலந்திருந்தால், கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-ல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பானது. எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் எடையை வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது சோதனை. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், ‘கெஜட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு’ என்று அதிகாரி சொல்ல வேண்டும். இது 50-ம் பிரிவு. இந்த உரிமை உடல் சோதனைக்குத்தான். கையில் வைத்திருக்கும் பைக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கட்டடத்துக்குள் சோதனை போட ரகசியத் தகவல் கிடைத்தால், அதை எழுதி வைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கைது, கைப்பற்றல் பற்றிய முழு அறிக்கை 48 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும். மாதிரி எடுப்பதை மாஜிஸ்திரேட் முன்னிலையில் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலே விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிசகு, வழக்கின் உண்மைத்தன்மை மீது எப்படிச் சந்தேகம் எழுப்புகிறது என்று காட்டுவதில்தான் நல்ல வழக்கறிஞரின் உழைப்பு இருக்கிறது.

பிடிபட்டவர் செய்ய வேண்டியது குறைவு. பெயர், முகவரியைச் சரியாகச் சொல்ல வேண்டும். எதிர்த்து மல்லுக்கட்டக் கூடாது. ‘வழக்கறிஞரைப் பார்த்த பிறகு பேசுகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வெற்றுத் தாளிலோ படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்து போடக் கூடாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன டோஃபன் சிங் வழக்கில்தான். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது அடித்தார்கள், வேறு இடத்தில் பிடித்தார்கள், முந்தின நாளே கூட்டிப்போனார்கள் என்று எதுவாக இருந்தாலும் அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று பதிவாகாததைப் பிறகு சொன்னால் ஜோடித்தது என்பார்கள்.

குடும்பத்துக்கு வேலை அதிகம். கைதுக்கான காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர்., மகஜர், ரிமாண்ட் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைச் சேருங்கள். வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள் என்றால், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று அன்றே எழுதி வையுங்கள். காவல் நிலையங்களில் சிசிடிவி வைத்து, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே மனு போடலாம். செல்போனில் இருப்பதை அழிப்பது, வீட்டில் எதையாவது ஒளிப்பது ஆகிய காரியங்களில் இறங்காதீர்கள். அது இன்னொரு வழக்காக வரும்.

ரிமாண்ட் ஆன நாளிலிருந்து காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள், சிறு அளவு வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமை. வணிக அளவு வழக்கில் அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் நீதிமன்றம் இந்தக் கெடுவை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். அப்படி நீட்டிக்காத நிலையில், கெடு முடிந்த மறுநாளே மனு போட வேண்டும். தானாக யாரும் திறந்துவிட மாட்டார்கள். சென்னை வழக்கு ஒன்றில் 180 நாள் முடிந்த மறுநாள் காலையே மனு தாக்கலாகி, வாதம் நடந்துகொண்டிருந்தது. அன்று மாலை விசாரணை அமைப்பு அவசரமாக ஒரு கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. பிந்தி வந்த அந்தக் காகிதத்தால் ஜாமீன் உரிமையைப் பறிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் கதை வேறு.

வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது? சிவில் வழக்கில் பெயர் பெற்றவர் என்பதற்காக இந்த வழக்கைக் கொடுக்காதீர்கள். சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் இந்த வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே தொடர்ந்து வழக்காடுபவரைத் தேடுங்கள். ‘50-ம் பிரிவைப் பின்பற்றியிருக்கிறார்களா? எடை எந்த வகையில் வருகிறது? கெடு என்று முடிகிறது?’ என்று கேளுங்கள். காகிதத்தைப் படித்துவிட்டுப் பதில் சொல்பவரை நம்பலாம். ‘ஜட்ஜ் நமக்கு வேண்டியவர், ஒரு வாரத்தில் வெளியே எடுத்துவிடுவேன்’ என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். நம்பிக்கை போனால் வழக்கறிஞரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு.

பணம் இல்லையா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். சிறைக்குள் இருந்தே விண்ணப்பிக்கலாம். இது பிச்சை அல்ல. அரசியல் சாசனத்தின் 39-ஏ பிரிவு சொல்லும் கடமை.

பிள்ளை உண்மையிலேயே போதைக்கு அடிமையாகியிருந்தால், அதை மறைத்து வைப்பது வழக்குக்கும் உதவாது, அவனுக்கும் உதவாது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வழக்குக்கோ உள்ளாகி, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், 64-ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகும் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ம் பிரிவு இடம் தருகிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும்.

இதையெல்லாம் எழுதினால், ‘போதை வியாபாரிக்கு வழி சொல்லிக் கொடுக்கிறீர்களா?’ என்று கோபப்படுவோர் உண்டு. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. தெருமுனையில் விற்கப்படும் பொட்டலத்தால் சிதைந்த வீடுகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆனால், பெரிய வியாபாரிக்கு வழக்கறிஞர் எப்போதும் தயார். வழி தெரியாமல் தவிப்பவர்கள் முதல் தடவை சிக்கியவனும், பக்கத்தில் நின்றதற்காகச் சேர்க்கப்பட்டவனும், அவர்களைப் பெற்றவர்களும்தான். நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றிப் போட்ட வழக்கிலிருந்து உண்மையான குற்றவாளி எளிதில் தப்ப மாட்டான். ஓட்டை விழுந்த வழக்கோ அவனையும் விட்டுவிடும், நிரபராதியையும் ஆண்டுக்கணக்கில் உள்ளே வைக்கும். சட்டம் சொன்னபடி நடங்கள் என்று காவல் துறையிடம் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

அடுத்த வாரம்: ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத நிலை ஏன் வருகிறது? போதைப்பொருள் வழக்கில் சிக்கியவரை விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்துவைக்க வழிசெய்யும் 1982-ம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் பற்றியும், அதற்கு எதிரான ஆட்கொணர்வு மனு பற்றியும் பேசுவோம்.

(தொடரும்)