அம்மாவின் நாள் கணக்கு

சித்திரை முதல் தேதியன்று அல்லிநகரத்தில் வீட்டோடு இருப்பவர்களைக் காண்பது அரிது. குழந்தை குட்டிகளுடன் ஊரே வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் புறப்பட்டுவிடும். அன்றைய தினம் தூரமாகிவிடக் கூடாதே என்று ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது பெண்களின் வழக்கம். நாமும் முப்பது வருஷமாக அவ்விதமே எண்ணி வந்தோம். நாற்பத்தைந்தாம் வயதில் அந்தக் கணக்கு தவறிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிற நமக்கு, நம்முடைய கணக்கைத் திருத்தத் தெரியவில்லை!

இருபத்தெட்டு நாள் இருபதாயிற்று, அப்புறம் ஐம்பதாயிற்று. கரும்பலகை முன்னால் நிற்கும்போது காரணமின்றி மார்பிலிருந்து முகத்துக்கு அனல் ஏறிற்று. பள்ளத்தாக்கெங்கும் ஆடிக் காற்று வீசும் இரவில், நாம் மட்டும் வியர்வையில் நனைந்து விழித்துக் கொண்டிருந்தோம். விடிந்ததும், காப்பி ஆறிவிட்டதென்று சொன்னவர்மீது எரிந்து விழுந்தோம். "அம்மாவுக்கு இப்போதெல்லாம் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?" என்று வீட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நேயர்களில் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இதற்கு விடை குணத்தில் இல்லை, சரீரத்தில் இருக்கிறது. சினைப்பைகளில் உண்டாகும் எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், நாற்பதுக்கு மேல் ஒரே சீராகக் குறைவதில்லை. வைகை ஆற்றைப்போல் ஒரு சமயம் பெருகியும் ஒரு சமயம் வற்றியும் தடுமாறுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதென்று வைத்தியர்கள் சொல்லுவார்கள். மேனாடுகளில் இது சராசரி 51 வயதிலும், நமது தேசத்தில் 46, 47 வயதிலும் நேருகிறது. அதற்கு முந்திய சில வருஷங்களே இந்தத் தடுமாற்றக் காலம். தூக்கமின்மை, படபடப்பு, மூட்டு வலி, மறதி, காரணமற்ற துக்கம் ஆகியவை வரலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. தைராய்டுக் கோளாறும் ரத்தசோகையும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டாகையால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கணக்கு தவறிவிட்டபடியால் இனிக் கர்ப்பம் உண்டாகாது என்று எண்ணிவிடவும் கூடாது.

நமது தெருவில் ஒரு சகோதரி இருக்கிறார். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடி மெட்டைத் தாண்டி, ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். மாதக்கணக்காக உதிரப்போக்கு நிற்கவில்லை. மலைத் தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு வைத்தியசாலையில் கர்ப்பப்பையையே எடுத்துவிடும்படி யோசனை சொன்னார்களாம். "பிள்ளை பெத்தாச்சு, அது இனிமே எதுக்குன்னு கேக்கிறாங்க, டீச்சர்" என்றார். மதுரை சாலையில் க.விலக்கில் உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் சென்றோம். ஸ்கான் எடுத்தார்கள், கர்ப்பப்பையின் உட்படலத்தில் சிறிது எடுத்துப் பரிசோதித்தார்கள். கெட்ட வியாதி ஒன்றுமில்லை. உதிரத்தைக் கட்டுப்படுத்த மருந்தும், சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இன்று அவர் கத்தி படாமலே வேலைக்குப் போய் வருகிறார்.

இது ஒருவருடைய கதை மட்டுமல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-ம் வருஷம் நடந்த விசாரணையில், சுமார் 82,000 பேரில் 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது வெளிவந்தது. அவசியமற்ற இத்தகைய சிகிச்சைகளைத் தடுக்க வகுத்த விதிகளை மாகாணங்கள் அமல் நடத்த வேண்டுமென்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சில வியாதிகளுக்கு அறுவை அவசியந்தான், மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், வருஷக்கணக்கில் மெதுவாக வரவேண்டிய மாறுதல் ஒரே நாளில் வந்துவிடும்; எலும்பும் சீக்கிரம் பலவீனப்படும். ஆகவே, இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயம் கேளாமல் சம்மதிக்கலாகாது.

வாய் திறவாமல் சகித்துக்கொள்வதும் அதற்குச் சமமான தவறே. ஒரு மணிக்கொரு துணி நனையும்படி உதிரம் போனாலும், ஒரு வாரத்துக்குமேல் நீடித்தாலும், இரண்டு விலக்குக்கு நடுவில் பட்டாலும் வைத்தியரிடம் போகவேண்டும். நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு துளி பட்டாலும் தாமதிக்கலாகாது. புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. தினசரி நடை, காலை வெயில், கேழ்வரகு, எள், பால், முள்ளோடு தின்னும் சிறு மீன். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அனல் மிகுந்தவர்கள் இரவில் காப்பியையும் காரத்தையும் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவால் உலகமெங்கும் அதன்மீது பயம் பரவிற்று. ஆனால் அதில் கலந்துகொண்ட ஸ்திரீகளின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டு வியாதியோ இல்லாதவர்களுக்கு, நன்மையே அதிகமென்று வைத்திய நிபுணர்கள் இப்போது கருதுகிறார்கள். வைத்தியரின் மேற்பார்வை மட்டும் அவசியம்.

1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால், கர்ப்பிணிகளுக்கு நமது மாகாணத்தில் உதவித்தொகை வழங்கப்படுகிறது. பிள்ளை பெறுகிறவளிடம் இத்தனை அக்கறை காட்டும் நாம், பெற்று வளர்த்து முடித்தவளை மறந்துவிடலாமா? அவளுக்கு முதலில் வேண்டியது பணமன்று, வீட்டாரின் அறிவு.

சகோதரிகளே, காலண்டரில் அந்தத் தேதிகளையும், உதிரத்தின் அளவையும், தூங்காத இரவுகளையும் குறித்து வாருங்கள். வைத்தியருக்கு அதைவிட உபயோகமான சாட்சியம் இல்லை. நமது வீட்டுக் காலண்டரிலும் இப்போது சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நாம் மறந்துபோனால் நினைவூட்டுகிறவர் வேறு யாருமல்ல. அன்று காப்பி ஆறிவிட்டதென்று சொன்னவர்தான்!