தானியங்கு இல்லம்: தொடங்குவோர் கவனத்திற்கு

தானியங்கு இல்லம் என்னும் தொடர் புதிதாயினும் அதன் கருத்து நம் வீடுகளுக்குப் புதிதன்று. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் நீர்வரத்தை அடைத்துவிடும் மிதவை வால்வு, போதிய குளிர் ஏறியதும் ஓசையடங்கும் குளிர்பதனப் பெட்டி, மின்சாரம் நின்ற மறுநொடியே மின்விசிறியைச் சுழல வைக்கும் இன்வெர்ட்டர் ஆகிய யாவும் தானியங்கிகளே. இவற்றுள் எதுவும் நம்மிடம் கடவுச்சொல் கேட்பதில்லை. இணையம் நின்றால் தானும் நின்றுபோவதில்லை. வீட்டுத்தலைவர் வெளியூர் சென்றிருந்தால் பணிசெய்ய மறுப்பதுமில்லை. கைப்பேசிச் செயலி வழியாகவும் குரல் வழியாகவும் இயங்கும் இன்றைய கருவிகளை வாங்க முற்படுவோர், முதலில் அவற்றை இந்தப் பழைய தானியங்கிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

பண்டிகைக் காலத்தில் இக்கருவிகள் தவணை முறையில் விற்கப்படுகின்றன. "மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையே தவணையை அடைத்துவிடும்" என்று விற்பனையாளர் கூறுவதும் உண்டு. வங்கியில் பணிபுரிவோர் என்ற முறையில் இக்கூற்றைக் கணக்கிட்டுப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. சுவிட்சுப் பெட்டிக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு சிறு கருவியும் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்தே இருக்கிறது. ஒரு கருவிக்கு 1 வாட் எனக் கொண்டால், 20 கருவிகள் உள்ள வீட்டில் மாதம் ஏறத்தாழ 14 யூனிட் இவ்விழிப்பிற்கே செலவாகும். கீசரை நாள் முழுதும் இயக்கத்தில் விட்டுவைப்பதால் வீணாகும் வெப்பம் நாளொன்றுக்கு 1 யூனிட் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதியை நேரக்கட்டுப்பாட்டால் தவிர்க்கலாம் என்பது மெய். ஆயினும் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியை நீக்கி 30 வாட் அளவில் இயங்கும் பிஎல்டிசி விசிறியை மாட்டினால், நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரே விசிறியில் மாதம் 16 யூனிட் குறைகிறது. அதற்கு எந்தச் செயலியும் வேண்டியதில்லை. எனவே சிக்கனமே நோக்கமாயின் முதற்செலவு விசிறிக்கே ஆகட்டும். தானியங்குக் கருவிகளைக் கடன் வாங்கியோ கடன் அட்டைத் தவணையிலோ வாங்க வேண்டா என்பதே நம் கருத்து. கடன் வழங்கும் நிறுவனத்தின் இதழில் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2023-இல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், நாளின் நேரத்திற்கேற்ப மாறும் கட்டண முறைக்கு வழிவகுத்துள்ளன. சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைவாகவும், தேவை உச்சமடையும் நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாகவும் இருக்கும் என்பது அதன் சாரம். உங்கள் மாநிலத்தில் இம்முறை நடைமுறைக்கு வந்து, வீட்டில் ஸ்மார்ட் மீட்டரும் பொருத்தப்பட்டிருப்பின், நீர் மோட்டாரையும் துணிதுவைக்கும் இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றும் நேரக்கட்டுப்பாட்டிற்குப் பயன் உண்டு.

அப்படியாயின் எதற்காக இக்கருவிகள்? பணத்தைவிட அலைச்சலையும் அபாயத்தையும் குறைப்பதற்காக என்பதே நம் விடை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்போர்க்கு, வரவேற்பறையின் வண்ண விளக்கைக் காட்டிலும் நீர் மோட்டாரையே நாம் முதலில் சுட்டுவோம். மாநகராட்சி நீர் வரும் நேரம் பார்த்து எழுவதும், தொட்டி வழிந்தோடும் ஓசை கேட்டு மாடிப்படி ஏறுவதும் இந்நாட்டு நகரங்கள் அனைத்திற்கும் பொதுவானவை. முழங்கால் வலியுள்ள முதியோர்க்கு அப்படிகள் பெரும் இடர். தரைத்தொட்டியிலும் மேல்தொட்டியிலும் உணரிகளை இறக்கி, கீழே நீர் இருந்து மேலே குறைந்தால் மட்டும் மோட்டாரை இயக்கும் நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள் மின்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. நீரின்றி மோட்டார் வெறுமனே ஓடி எரிந்துபோவதை அவை தடுக்கும். இணையமும் செயலியும் அவற்றிற்குத் தேவையில்லை. உள்ளூர் எலக்ட்ரீஷியன் அரைநாளில் பொருத்திவிடுவார். தொடங்குவோர்க்கு இதனினும் சிறந்த முதற்கருவி ஒன்றை நாம் அறியோம்.

மோட்டாரைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் செருகி இயக்கலாமே எனச் சிலர் எண்ணுவர். அது கூடாது. 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை, தொடங்கும் அந்நொடியில் இழுக்கும். அதன் சூட்டில் பிளக்கினுள் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், செயலியில் "நிறுத்தப்பட்டது" என்று காட்டியபடியே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டரே மோட்டாரை இயக்க வேண்டும். கீசருக்கும் இத்தகைய கவனம் தேவை. 230 வோல்ட்டில் 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட பிளக் அதற்குப் பொருந்தாது. 16 ஆம்பியர் அளவும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ளதையே வாங்குக.

அடுத்து விளக்குகள். நம் நாட்டில் அறையை விட்டு வெளியேறுவோர் சுவிட்சைத் தட்டிவிட்டுச் செல்வது வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு உயிரற்றுவிடும். எந்தச் செயலியும் அதை எழுப்ப இயலாது. மேலும் நள்ளிரவில் மின்சாரம் நின்று திரும்பும்போது, பல்புகளுள் பல தாமே முழு ஒளியுடன் எரியத் தொடங்கி உறங்குவோரை எழுப்பிவிடும். ஆதலின் பல்பை மாற்றுவதைவிட, இருக்கும் சுவிட்சின் பின்புறம் சிறிய ரிலே கருவியைப் பொருத்துவது மேல். பாட்டி பழைய சுவிட்சையே தட்டலாம். பேரன் கைப்பேசியையும் தொடலாம்.

இதற்குப் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி இருத்தல் அவசியம். சாக்கெட்டும் சுவிட்சுகளும் ஒரே பலகையில் அமைந்திருந்தால் நியூட்ரல் பெரும்பாலும் அங்கே இருக்கும். மாடிப்படி, குளியலறை வாசல் போன்ற இடங்களில் தனியே நிற்கும் சுவிட்சுகளில் பெரும்பாலும் இராது. கருவி வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து, எம்சிபியை அணைத்து, பலகைகளைத் திறந்து பார்க்கச் செய்க. விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரை மின்விசிறியோடு இணைத்தல் ஆகாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் கருவிகளையும் சோதித்தே பயன்படுத்துக. அமெரிக்கச் சுவிட்சுகள் 120 வோல்ட்டிற்கானவை. அந்நாட்டு இசட்-வேவ் கருவிகள் பேசும் அலைவரிசையும் இந்தியாவிற்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையும் வேறு வேறு.

வைஃபை, ஜிக்பீ, திரெட் எனக் கருவிகள் பேசும் மொழிகள் பல. 10 கருவிகளுக்கு உட்பட்ட வீட்டிற்கு வைஃபையே போதும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்னும் பொதுத்தரத்தின் குறி அட்டைப்பெட்டியில் இருப்பின் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று இணங்கும் வாய்ப்பு மிகும். ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பிலோ, ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யுபிஎஸ்ஸிலோ வைத்துக்கொள்க.

இவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: கட்டளை எங்கே செல்கிறது? பல கருவிகளில், பக்கத்து அறை விளக்கை அணைக்கும் கட்டளைகூட வேறொரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று திரும்புகிறது. அந்நிறுவனம் கடையை மூடினால் என்னாகும்? அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் மையக்கருவியை விற்ற நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வர் நிறுத்தப்பட்டபோது பணம் கொடுத்து வாங்கியோரின் கருவிகள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்களும் முன்னறிவிப்பின்றி நின்றன. பின்னர் பயனாளர் சிலரே நிறுவனத்தை வாங்கி உயிர்ப்பித்தனர். வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு; இக்கருவிகளுக்கு அது இல்லை. கடையில் ஒரு கருவியை இயக்கிக் காட்டும்போது, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் இயக்கிக் காட்டுமாறு கேட்டுப் பாருங்கள். அப்போதும் இயங்குவதே வாங்கத்தக்கது. சற்றே தொழில்நுட்ப ஆர்வம் உடையோர், 2013-இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் நிறுவிக் கட்டளைகளை வீட்டிற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டும் என்பதில்லை.

நிறுவனம் மறைவதைப் போன்றே வீட்டுத்தலைவர் மறைவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய புணேக் கிளைக்கு, கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் அவருடைய சேமிப்புக் கணக்கின் தொகையைக் கோரி வந்திருந்தார். நியமனதாரராக அவர் பெயர் பதிவாகியிருந்தமையால் வங்கிப்பணி சில நாட்களில் நிறைவேறியது. வீட்டின் நிலை அவ்வாறில்லை. வாயில் விளக்கு, தோட்டத்து நீர்க்குழாய், கேமரா அனைத்தையும் கணவர் தம் கைப்பேசியிலேயே அமைத்திருந்தார். அதன் பூட்டு எண்ணை எவரும் அறியார். சிம் இணைப்பை மகன் திருப்பி அளித்துவிட்டமையால், கணக்கை மீட்க வரவேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல்லும் வர வழியில்லை. மாலை 6 மணிக்கு வாயில் விளக்கு தானே எரியும். இரவு 11 மணிக்கு அணையும். "விளக்கு இருக்கட்டும், அவர் ஏற்றுவது போலவே இருக்கிறது, மழைநாளிலும் தோட்டத்துக் குழாய் திறந்துகொள்கிறதே, அதை மட்டும் நிறுத்த வழி சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார். குழாய்க் கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் பொத்தானைக் கண்டறிந்து ஓர் எலக்ட்ரீஷியன் அதனை முடித்துத் தந்தார். கேமராவோ பழைய கணக்கை விட்டு அகல மறுத்தது. கழற்றி வைப்பதன்றி வேறு வழியில்லை.

எனவே கருவியை அமைக்கும் அதே நாளில் குடும்பத்தில் மற்றொருவரையும் முழு உரிமையுள்ள பயனாளராகச் செயலியில் சேர்த்துவிடுக. இது வைப்புக் கணக்கிற்கு நியமனம் செய்வதை ஒத்தது. ஐந்து நிமிட வேலை. எந்தப் பலகையில் எந்தக் கருவி உள்ளது, அதைக் கையால் நிறுத்துவது எங்ஙனம், எந்தக் கணக்கில் பதிவாகியுள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் காப்பீட்டு ஆவணங்களோடு வைத்திடுக. வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் எத்தாளிலும் எழுதலாகாது. கதவுப்பூட்டு வாங்குவோர், சாவித்துளை உள்ளதையே வாங்கி, சாவியை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்துவைத்தல் வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை உணரி பல வேளைகளில் அறிவதில்லை. வீட்டுப் பணியாளர்க்குத் தனிக் குறியெண் அளித்து, அவர் வரும் நேரத்திற்கு மட்டும் அது செல்லுமாறு அமைக்கலாம்.

பாதுகாப்பு குறித்து வங்கி வாடிக்கையாளர்க்கு நாம் சொல்ல வேண்டியது சற்று மிகுதி. 2016-இல் உலகை உலுக்கிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தே பரவியது. ஆகவே கருவியையும் ரூட்டரையும் பொருத்தியவுடன் கடவுச்சொல்லை மாற்றுக. வங்கிச் செயலிக்கு வைத்துள்ள கடவுச்சொல் இதற்கு வேண்டா. ரூட்டரில் விருந்தினர் இணைப்பு என்று ஒன்று இருக்கும்; கருவிகளை அதில் சேர்த்து, பணப்பரிமாற்றம் செய்யும் கைப்பேசியை முதன்மை இணைப்பில் வைத்துக்கொள்க. 2025 ஏப்ரல் முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேறியிருத்தல் வேண்டும். அச்சான்றைக் கேட்டு வாங்குக. படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டா.

கருவி பழுதானால் இணையத்தில் தேடிக் கிடைத்த "வாடிக்கையாளர் சேவை" எண்ணை அழைப்பது, வங்கியாளராகிய நாம் மிகவும் அஞ்சும் செயல். அவ்வெண்களுள் மோசடிக்காரர்கள் இட்டவையும் உண்டு. மறுமுனையில் இருப்பவர் பணிவாகப் பேசி, கைப்பேசித் திரையைத் தாம் காண உதவும் செயலியை நிறுவச் சொல்வார். பதிவுக் கட்டணம் 10 ரூபாய் செலுத்தச் சொல்வார். திரையில் தோன்றும் ஒருமுறைக் கடவுச்சொல் அவர் கண்ணுக்கும் தெரியும். சேவை எண்ணைக் கருவியின் பெட்டியிலிருந்தோ உத்தரவாத அட்டையிலிருந்தோ மட்டுமே எடுத்துக்கொள்க. பணம் பறிபோயிருப்பின் ஒரு நிமிடமும் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவித்திடுக. கைப்பேசி தொலைந்துபோனால் சிம்மை முடக்குவதோடு நில்லாமல், வீட்டிலுள்ள மற்றொருவரின் கைப்பேசியிலிருந்து அக்கருவியை இல்லச் செயலியினின்றும் நீக்கிவிடுக.

நம்மைப் போன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுவோர், வாடகை வீட்டில் சுவரைத் தொடாத கருவிகளோடு நிறுத்திக்கொள்வது நன்று. பிளக்குகள், பழைய குளிர்சாதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் இயக்கும் அகச்சிவப்புக் கருவி, கதவில் ஒட்டும் உணரி ஆகியவை ஒரு காலணிப் பெட்டியில் அடங்கிவிடும். சுவிட்சுப் பலகையைத் திறந்தே ஆக வேண்டுமாயின், உரிமையாளரின் இசைவைப் பெற்று, கம்பிகள் இருந்த நிலையைத் திறந்தவுடன் படமெடுத்து வைத்துக்கொள்க. காலி செய்யும்போது பழையபடி அமைக்க அப்படம் எலக்ட்ரீஷியனுக்கு உதவும். ஏதேனும் கருவியை உரிமையாளருக்கே விட்டுச்செல்வதாயின், அதனை மீட்டமைத்து நம் கணக்கிலிருந்து நீக்கி, அவருடைய கைப்பேசியில் இயங்குவதை அவர் கண்முன்னே காட்டிய பின்னரே முன்பணத்தைத் திரும்பப் பெறுக.